தலைக்காயத்துக்கு ஒரு கண்ணாடி

தலைமை தாங்கும் சமூக மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, வேலை முடிந்து சீருடையோடே வந்துவிட்ட தாதியரே, ஒலிபெருக்கியைச் சரிசெய்து தந்த இளைஞரணித் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி.

மூளைக்காயம் பட்டவரின் கோபம், அவருடைய மறதி, பராமரிப்பவரின் தூக்கம் என மூன்றைப் பற்றிப் பேச வந்தேன்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். தலைக்குள் பட்ட காயத்துக்குக் கண்ணாடி வேண்டும்.

என் அண்ணன் இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவில் மோட்டார்சைக்கிள் மோதி விழுந்தார். தையல் பிரித்து நடந்தே வீடு வந்தார். எல்லோரும் "நல்லாயிட்டாரே" என்றார்கள். ஒரு சுடுசொல் பேசாத மனிதர், தொலைக்காட்சிச் சத்தமும் பேரப்பிள்ளைகள் சத்தமும் சேர்ந்தால் தட்டை வீசினார். மருத்துவமனையில் தந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. உயர்நிலை இரண்டு படிக்கும் பேத்திதான் படித்துச் சொன்னாள்: "தாத்தாவுக்கு மூளையில முன்பக்கம் அடிபட்டிருக்காம் பாட்டி." முன்பக்கம் என்றால் நெற்றிதானே? அண்ணி இரவுதோறும் அவர் நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்தார். ஐந்து மாதம் தேய்த்தார் ஐயா!

அப்புறம் ஒரு தமிழ்த் தாதி, தன் நெற்றியில் விரலை வைத்துச் சொன்னார்: "இதுக்குப் பின்னாலதான் கோபத்துக்கு பிரேக் இருக்கு அக்கா. அது பழுதாயிடுச்சு. அவர் வேணும்னு செய்யல. சத்தத்தைக் குறைங்க, ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் பேசுங்க." அண்ணி புளோக் கீழ்த்தள பெஞ்சில் உட்கார்ந்து அப்படி அழுதார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சி கிடையாது. தட்டும் பறக்கவில்லை.

மறதிக்கு ஒரு நோட்டுப் புத்தகம், சுவரில் பெரிய எழுத்தில் நாள்காட்டி. சரி, நேரமாகிறது. ஒன்றை மட்டும் விடமாட்டேன்: தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ உடனே 995 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? தலைக்காயத்துக்குத் தாய்மொழிதான் கண்ணாடி. நம் 4 அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. ஏஐசி எனும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் பராமரிப்பாளர் பயிற்சி மானியமும் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், குடும்பத்தை உட்காரவைத்து அரை மணி நேரம் தமிழில் விளக்குங்கள் என்றுதான் கேட்கிறோம். பேத்தியின் தலையில் அந்தச் சுமையை வைக்காதீர்கள்.

வாசலருகே மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.