அன்னாள் சாப்பிட்டாள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

நேற்று உபவாச ஜெபம் முடிந்து படியிறங்கும்போது ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டார்: "ஐயா, நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே நமக்கு என்ன தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லிவிட்டாரே. பிறகு எதற்கு ஜெபம்?" ராத்திரி வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பதிலுக்காக, அந்நாளில் கர்த்தருடைய ஆலயம் இருந்த சீலோவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

1 சாமுவேல், முதல் அதிகாரம். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷந்தோறும் குடும்பமாகப் பலியிடப் போவார்கள். வருஷந்தோறும் பெனின்னாள் குத்திப் பேசுவாள். பந்தியில் அன்னாளுக்கு வைத்த பங்கு அப்படியே இருக்கும். "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று கேட்கிறான் கணவன். பாசமுள்ள மனிதன்தான். ஆனால் அவள் அதற்குப் பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. கட்டினவனின் ஆறுதலும் எட்டாத இடத்தில் அந்த வலி இருந்தது.

எழுந்து ஆலயத்துக்குப் போகிறாள். அழுகிறாள். உதடுகள் மாத்திரம் அசைகின்றன, சத்தம் இல்லை. வாசல் நிலையருகே உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி, குடித்திருக்கிறாள் என்றே நினைத்துக் கடிந்துகொள்கிறார். அவள் சொல்கிறாள்: "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்."

குடத்தைக் கவிழ்த்தால் தெளிந்த தண்ணீர் மட்டுமா வரும்? அடியில் கிடக்கிற வண்டலும் சேர்ந்துதான் வரும். நாமோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு சந்நிதிக்கு வருகிறோம். கோபத்தை வெளியே செருப்போடு விட்டுவிட்டு வருகிறோம். அதையும் உள்ளே கொண்டுவாருங்கள், பிள்ளைகளே.

"சமாதானத்துடன் போ" என்கிறார் ஏலி. அவள் கேட்டது இன்னதென்று அவர் விசாரிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. 18-ஆம் வசனத்தைப் பாருங்கள். அவள் போய்ப் போஜனம் செய்தாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. இன்னும் கர்ப்பம் தரிக்கவில்லை. ஊருக்குக்கூடத் திரும்பவில்லை. பெனின்னாளும் எங்கேயும் போய்விடவில்லை. ஆனாலும் சாப்பிடுகிறாள்! பிதா எல்லாவற்றையும் அறிவார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அது சோறாக வயிற்றில் இறங்கினது அன்றைக்குத்தான். தம்பி, ஜெபம் இதற்குத்தான்.

பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரும், பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி, அதே வார்த்தைகளை மூன்றுதரம் சொல்லி ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. தரையில் முகங்குப்புற விழுந்து கிடந்தவர், பிடிக்க வருகிறவர்களுக்கு எதிரே, "எழுந்திருங்கள், போவோம்" என்றார்.

எங்கள் அம்மா விடியற்காலை நாலரை மணிக்குக் கட்டில் ஓரத்தில் முழங்காலிடுவார்கள். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன என் அண்ணனுக்காக ஜெபிப்பார்கள். அவர்களுடைய வேதப்புத்தகத்தில் 88-ஆம் சங்கீதம் இருக்கும் பக்கம் மட்டும் எண்ணெய்க்கை பட்டுப் பழுப்பேறியிருக்கும். இரவும் பகலும் கூப்பிடுகிற கூக்குரலோடே தொடங்கி இருளோடே முடிகிற சங்கீதம் அது. கடைசி வரியிலும் விடிவு இல்லை. அப்படியொரு ஜெபத்தையும் தேவன் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறாரே என்று நான் இன்றும் வியந்து ஸ்தோத்திரிக்கிறேன். அம்மா உயிரோடிருந்தவரை அண்ணன் வரவில்லை. ஆனால் ஜெபம் முடிந்து எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அடுப்பில் பாலை வைத்து, எங்களை எழுப்புகிற அந்தக் குரலில் கசப்பு இருந்ததே இல்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் ஜெபிக்கக் கற்றேன்.

நீளமான ஜெபம் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்றார் ஆண்டவர். அறை இல்லாத வீட்டில் போர்வைக்குள்ளே ஜெபியுங்கள். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். வார்த்தையே வராத நாளில் ஒரு சங்கீதத்தை எடுத்து, அதையே உங்கள் வாயில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்கிறேன். பாடல் வேண்டாம், இசையும் வேண்டாம். ஐந்து நிமிடம், உதடுகள் மாத்திரம் அசையட்டும்.