கை விறைக்குதா? நெஞ்சைச் சூடாக்குங்க! பழைய டூரிங் பைக்கின் குளிர்காலக் கணக்கு

வணக்கம் மக்களே! குளிரில் பைக் ஓட்டினால் விரல் மரத்துப்போகிறதா? இன்னும் தடிமனான கையுறை தேடுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். முதல் செலவு நெஞ்சுக்கு. கை குளிர்ந்தால் நெஞ்சுக்கு வைத்தியமா என்கிறீர்களா? இருங்கள், வருகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பாடம். வெளியே 5 டிகிரி, வண்டி 80 கிலோமீட்டர் வேகம் என்றால், காற்று படும் தோலுக்கு அது மைனஸ் 3 போல இருக்கும். பாடம் முடிந்தது.

(திரையில்: உடம்பின் ரத்த ஓட்டப் படம்)

நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பித்தால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். கையுறை சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ரத்தமே வராத விரலில் எதைப் பிடித்து வைப்பது? அதனால்தான் ஹீட்டட் வெஸ்ட், அதாவது வண்டியின் மின்சாரத்தில் சூடாகும் கையில்லாச் சட்டை, போட்டவருக்குக் கையும் தேறிவிடுகிறது.

உடனே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். உங்கள் வண்டி பழசு!

(திரையில்: இரண்டு பைக்குகள் அருகருகே)

1970களின் கடைசியில் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்டி. ஃபேரிங் (முன்னால் காற்றைத் தடுக்கும் கவசம்) எல்லாம் வைத்த ராஜா வண்டி. ஆனால் எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வெறும் 280 வாட். 2001 மாடல் ஹோண்டா கோல்டு விங்கில் 1,100 வாட்! அந்த 280-உம் எஞ்சினை நன்றாகச் சுற்ற விட்டால்தான் கிடைக்கும். ஹெட்லைட்டுக்கு மட்டும் 55 வாட் போய்விடும். இக்னிஷன், பின்விளக்கு எல்லாம் எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு. வெஸ்ட் சுமார் 50 வாட், முழுக்கை ஜாக்கெட் 75-க்கு மேல், சூடாகும் கைப்பிடி, அதாவது ஹீட்டட் க்ரிப், 35-ஐ ஒட்டி. பின்னால் உட்காருபவரும் ஜாக்கெட் கேட்டால் வீட்டில் சண்டை, ரோட்டில் பேட்டரி காலி. சிக்னலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது பழைய ஆல்டர்னேட்டர் பெரிதாக எதுவும் தராது. ஹீட்டர் அப்போது பேட்டரியைத்தான் குடிக்கும். நின்றால் ஸ்விட்சை அணையுங்கள்.

அப்புறம் ஹீட்டட் க்ரிப். எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான். எனக்கு இது இரண்டாம் பட்சம். உள்ளங்கை சுடும், காற்று அடிக்கும் புறங்கையோ ஐஸாகவே இருக்கும். உள்ளங்கையில் பஞ்சு வைத்த கையுறை போட்டால் அந்தச் சூடும் உள்ளே வராது.

என் செல்லம் ஹேண்டில்பார் மஃப். கைப்பிடிக்குத் தலையணை உறை போட்ட மாதிரி அசிங்கமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை முழுவதையும் காற்றிலிருந்து மறைக்கும், ஒரு வாட் கூடக் கேட்காது. மெல்லிய கையுறையே போதும். வாங்கும்போது ஒன்று பாருங்கள்: கை உள்ளே தடங்கலில்லாமல் போய் வருகிறதா? ஓட்டும்போது காற்றின் அழுத்தத்தில் உறை மடங்கி பிரேக் லீவரை அழுத்தக் கூடாது. ஹாரன் பட்டனைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலே தேடிப் பழகட்டும்.

உயரமான விண்ட்ஸ்கிரீன் நல்லது. ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்ளே பனி படியாமலிருக்க ஒரு பின்லாக், அதாவது உட்புறம் பொருத்தும் இன்னொரு மெல்லிய தகடு. சீட் ஹீட்டர் கடைசியில்.

வயரிங்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து தனி வயர், அதன் பக்கத்திலேயே ஃபியூஸ், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் விடும் ரிலே. பழைய ஹெட்லைட் வயரில் ஒட்டுப் போட்டால் கனெக்டர் உருகும். கூடவே ஒரு சின்ன வோல்ட் மீட்டர். ஓடும்போது 13.5-க்கு மேல் நின்றால் நிம்மதி, 12.5-க்குக் கீழே இறங்கினால் எதையாவது அணையுங்கள்.

உங்கள் வண்டி எந்த மாடல், ஐடிலில் எத்தனை வோல்ட் காட்டுகிறது? கமென்டில் போடுங்கள். மஃபைக் கிண்டல் செய்பவர்கள் லைக் போட்டுவிட்டுக் கிண்டல் செய்யவும்.