கை ஒட்டினால் பத்து மேட்ச் காலி: பேஸ்பாலின் பிசின் பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேஜையில் மூன்றே சாமான். ஒரு பேஸ்பால், ஒரு கிண்ணம் தண்ணீர், அப்புறம் தேன் நிறத்தில் இந்தக் கட்டி. வயலின் வாசிப்பவர் வீட்டில் இருந்தால் பார்த்ததுமே சொல்லியிருப்பீர்கள்: வில்லில் தேய்க்கிற ரோசின். பைன் மரத்துப் பிசினிலிருந்து எடுப்பது. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நிற்கும் மேட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் துணிப்பை கிடக்குமே, அதற்குள் இருப்பதும் இந்த ரோசின்தான், பொடியாக. அமெரிக்காவின் மேஜர் லீக்கே வைக்கிற பை அது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

இப்போது பாருங்கள். கொஞ்சம் நுணுக்கி விரலில் தேய்க்கிறேன். காய்ந்த பொடி, அவ்வளவுதான். இனி இரண்டு சொட்டுத் தண்ணீர், வியர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அழுத்திப் பிரிக்கிறேன். சத்தம் கேட்டதா? பலாப்பழம் உரித்த கை மாதிரி இருக்கிறது. ரோசினுக்கும் தடை இல்லை, வியர்வைக்கும் தடை இல்லை. இரண்டும் சேர்ந்தால் என்ன என்பதில்தான் எங்கள் நண்பர்கள் குழுவில் இன்னும் சண்டை ஓயவில்லை.

கதை 2021-இல் சூடு பிடித்தது. பந்தில் ஒட்டுகிற பொருள் எதையும் பூசக்கூடாது என்ற விதி அதற்கு முன்பும் இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. பைன் தார், சன்ஸ்கிரீனோடு ரோசின் என்று ஆளுக்கொரு கைப்பக்குவம். பேட்டர்களும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பந்து வழுக்கித் தலைக்கு வருவதைவிட பிட்சர் கை கொஞ்சம் ஒட்டினால் நல்லதுதானே. ஆனால் ஸ்பைடர் டாக் என்ற பசை வந்ததும் கணக்கு மாறியது. நம் ஊர் இளவட்டக்கல் மாதிரி உருண்டைக் கல்லைத் தூக்குகிற ஸ்ட்ராங்மேன் போட்டிக்காரர்கள் கையில் பூசுவது அது. அதைப் பூசிய விரலிலிருந்து பந்து கழன்று போகும்போது சுழற்சி எகிறும். சாதாரண ஃபாஸ்ட்பால் நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்று சுழலும். அதே வேகத்தில் இன்னும் சில நூறு சுற்று ஏறினால் பந்து பேட்டர் எதிர்பார்க்கிற அளவுக்குக் கீழே இறங்காது. அவர் பந்துக்கு அடியில் காற்றை வீசிவிட்டுப் போவார்.

அதனால் 2021 ஜூன் 21 முதல் அம்பயர்கள் சோதனையை ஆரம்பித்தார்கள். தொப்பி, பெல்ட், கிளவுஸ், கை எல்லாம். மாட்டினால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், கூடவே 10 மேட்ச் சஸ்பென்ஷன். மறுநாளே ஓக்லாண்ட் அணியின் பிட்சர் செர்ஜியோ ரோமோ சோதனைக்கு நின்றபோது கடுப்பில் பேண்ட்டையே இறக்கிக் காட்டினார். சரி, அது காமெடி.

நான் சொல்ல வந்தது தண்டனையைப் பற்றி அல்ல, அளவுகோலைப் பற்றி. அம்பயர் கையில் மீட்டர் கிடையாது, ஆய்வகம் கிடையாது. பிட்சரின் உள்ளங்கையைத் தன் விரலால் தடவிப் பார்ப்பார். 'அளவுக்கு மீறி ஒட்டுகிறது' என்று தோன்றினால் முடிந்தது.

2023 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் நடந்த இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15, யாங்கீஸ் அணியின் பிட்சர் டொமிங்கோ ஹெர்மான். கையில் பிசுபிசுப்பு இருக்கிறது, போய்க் கழுவு என்றது ஜேம்ஸ் ஹோய் தலைமையிலான அம்பயர் குழு. அதன் பிறகும் அவரை ஆட விட்டார்கள். 'இது என்ன நியாயம்?' என்று சண்டைக்கு வந்த எதிரணி மின்னசோட்டாவின் மேனேஜர் ராக்கோ பால்டெல்லிதான் வெளியே போனார்! நான்கே நாள் கழித்து, ஏப்ரல் 19, டாட்ஜர் ஸ்டேடியம். மெட்ஸ் அணிக்கு மேக்ஸ் ஷெர்சர், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கியவர். இவரையும் கழுவச் சொன்னார்கள். லீக் அதிகாரி கண் முன்னாலேயே ஆல்கஹால் போட்டுக் கழுவினேன் என்கிறார். அடுத்து கிளவுஸை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். நான்காவது இன்னிங்ஸுக்கு வந்தபோது அம்பயர் ஃபில் கஸ்ஸி கையைத் தொட்டுவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். வெறும் வியர்வையும் ரோசினும்தான் என்று ஷெர்சர் கத்திப் பார்த்தார், எடுபடவில்லை. 10 மேட்ச்.

எங்கள் குழுவின் மெட்ஸ் ரசிகருக்கு ஃபில் கஸ்ஸி பெயரைக் கேட்டாலே ரத்தக் கொதிப்பு. காரணம் இல்லாமல் இல்லை. 2021-இல் ஹெக்டர் சான்டியாகோ, கேலப் ஸ்மித், அப்புறம் ஷெர்சர் என்று இந்தச் சோதனையில் முதலில் வெளியேற்றப்பட்ட மூவரையும் வெளியேற்றியது அவர்தான். "மற்ற அம்பயர்களுக்கெல்லாம் விரல் மரத்துப் போச்சா?" என்பார் நண்பர். எனக்கு கஸ்ஸி மேல் சந்தேகமில்லை. அவர் விதியை அப்படியே பிடிக்கிறவராக இருக்கலாம். ஆனால் ஒரே விதி ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றால் பிட்சர் எதை நம்பி ரோசின் பையைத் தொடுவார்?

ஹெர்மான் கதை அங்கே முடியவில்லை. மே 16, டொராண்டோவில் அதே ஜேம்ஸ் ஹோய் அம்பயர் குழு இந்த முறை அவரை வெளியேற்றி 10 மேட்ச் உட்கார வைத்தது. திரும்பி வந்தவர் ஜூன் 28 அன்று ஓக்லாண்டுக்கு எதிராக பெர்ஃபெக்ட் கேம் போட்டார். 27 பேட்டர், ஒருவர்கூட பேஸைத் தொடவில்லை. மேஜர் லீக் வரலாற்றிலேயே 24-வது. பிசின் இருந்ததால்தான் ஆடினார் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நானும் அவர்களில் ஒருவன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

10 மேட்ச் என்பதும் எல்லோருக்கும் ஒரே 10 அல்ல. ஷெர்சர் மாதிரி ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தை ஆரம்பிக்கிற பிட்சர், ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். அவருக்கு இரண்டு முறை தள்ளிப்போகும், அவ்வளவுதான். 2024 ஜூனில் சிகாகோவில் மாட்டிய மெட்ஸின் எட்வின் டியாஸ் குளோஸர், அதாவது ஆட்டத்தை முடித்து வைக்கிற பிட்சர். தினமும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்குத் தயாராக இருக்க வேண்டியவர், ஒரு பந்துகூட வீசாமல் வெளியே போனார். அவர் இடத்தில் வேறு ஆளைச் சேர்க்கவும் அணிக்கு அனுமதி இல்லை, ஓர் ஆள் குறைவாக 25 பேரோடு சமாளிக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் முறை கழுவச் சொல்வதை எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்யட்டும், அந்தக் கையிலிருந்து ஒரு துணியில் துடைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். ஸ்பைடர் டாக் என்று தெரிந்தால் 10 என்ன, 20 மேட்ச்கூடக் கொடுக்கலாம்.

ஜப்பானில் லேசாக ஒட்டுகிற பந்தையே கொடுக்கிறார்கள். அமெரிக்காவும் 2023-இல் சதர்ன் லீக் என்ற கீழ்நிலை லீக்கில் அப்படி ஒரு பந்தைச் சோதித்துவிட்டு, பாதி சீசனிலேயே பழைய பந்துக்குத் திரும்பிவிட்டது.

இன்னொரு தரம் காட்டுகிறேன், கிட்ட வாருங்கள். பந்தை விரல் நுனியில் வைத்துக் கையைக் கவிழ்க்கிறேன். ஒன்று, இரண்டு... விழுந்துவிட்டது. ஆக, என் கையைத் தொட்டிருந்தால் கஸ்ஸி என்ன சொல்லியிருப்பார்? இருங்கள், முதலில் கை கழுவிவிட்டு வருகிறேன், மொபைலும் சேர்ந்து ஒட்டுகிறது.