417 எங்கே போனது?

வணக்கம் நேயர்களே. கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஏடு, ஒரு பேனா, எழுதுகிறவர் ஒருவர். வந்தவர் பெயர் அடுத்த வரியில் ஏறும். வரிசை எண் விட்டுப்போக வழியே கிடையாது. கணக்கை உயிராக மதிக்கும் செட்டிநாட்டில் நம் மனத்தில் பதிந்திருப்பது அந்த ஏடுதான். கணினியில் தானாக விழும் பதிவு எண்ணையும் அதே கண்ணோடு பார்க்கிறோம். வில்லங்கம் அங்கே தொடங்குகிறது.

காரைக்குடியில் ஒரு சேலைக் கடைக்குப் பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று மேசை, மூன்று கணினி. ஒருநாள் இரவு கணக்கப்பிள்ளை கூப்பிட்டார். ‘தம்பி, 417ஐக் காணவில்லை.’ 416 இருக்கிறது, 418 இருக்கிறது. முதல் மேசைப் பையன் பணத்தை வாங்கிக்கொண்டு பில்லை அழித்துவிட்டான் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். நான் போனபோது பையன் சுவரோரம் நின்றான். சட்டைப்பையின் உள்துணி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

கணக்கப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அச்சிட்ட பில் புத்தகத்தோடு வாழ்ந்தவர். தவறிய பில்லைக் கிழிக்க மாட்டார். சிவப்பு மையில் ‘ரத்து’ என்று எழுதி, அசலையும் கார்பன் நகலையும் சேர்த்துக் குண்டூசி குத்திவைப்பார். அந்த ஒழுங்கில் ஓர் எண் குறைந்தால் களவுதான்.

பிழைக் குறிப்புகளைத் திறந்து பார்த்தேன். பையன் பில்லைச் சேமிக்கும் நேரத்தில், அந்தச் சேலை இருப்பில் இல்லை என்று கண்ட கணினி பதிவு முழுவதையும் ரத்து செய்திருந்தது. ஆனால், எண் அதற்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. கொடுத்த எண் திரும்பி வராது.

ஏன் வராது? பில்கள் பதிவாகும் அட்டவணைக்குப் பின்னால், எண் கொடுப்பதற்கென்றே ஓர் எண்ணி இருக்கிறது. தரவைச் சேமிக்கும் மென்பொருள்களில், மைஎஸ்கியூஎல்லில் அதை ஆட்டோ இன்கிரிமென்ட் என்பார்கள், ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் சீக்குவன்ஸ். கேட்டவருக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்வதே அதன் வேலை. முதல் மேசை 417 வாங்கியது, இரண்டாவது 418, மூன்றாவது 419. எண் விடுபடவே கூடாதென்றால், முதல் மேசை முடிக்கும்வரை மற்ற இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் அது நடக்குமா? ஆஸ்பத்திரி டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். 17ஆம் எண்காரர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால், 18ஐ யாரும் 17 ஆக்குவதில்லை.

மறுபடியும் சொல்கிறேன்: அந்த எண் பதிவுக்கு இட்ட பெயர். அதை வைத்து எத்தனை பில் என்று எண்ணக் கூடாது. தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்தை 1970இல் வகுத்துத் தந்த எட்கர் காட், வரிசைக்கு அதில் இடமே வைக்கவில்லை; ஒரு பதிவை அதன் திறவுகோலால்தான், அதாவது அதற்கே உரிய அடையாளத்தால்தான், அறிய வேண்டும்.

எண் விடுபடுவதைவிட எனக்குப் பயம், ஒரே எண் இருவருக்குப் போவது. மைஎஸ்கியூஎல்லில் வழக்கமாகப் பயன்படும் இன்னோடிபி என்ற வகை அட்டவணைகள், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, எண்ணியை, சர்வரை நிறுத்தினால் அழிந்துவிடும் நினைவகத்தில்தான் வைத்திருந்தன. கடைசிப் பதிவை அழித்துவிட்டுச் சர்வரை நிறுத்தித் தொடங்கினால், செத்த எண் வேறொருவருக்குப் போய்விடும். பழைய ரசீதோடு ஒருவர் வந்து நின்றால் யார் பதில் சொல்வது?

கடைக்காரர்களே, ஜிஎஸ்டி விதி பில்லுக்குத் தொடர் எண் கேட்கிறது. அதற்குத் தானாக விழும் இந்தப் பதிவு எண்ணை நம்பாதீர்கள். பில் எண்ணுக்கு அட்டவணையில் தனிப் பத்தி வைக்கச் சொல்லுங்கள். பில் உறுதியான பிறகே அந்த எண் விழட்டும். ரத்தான பில்லும் ‘ரத்து’ என்ற குறிப்போடு உள்ளேயே இருக்கட்டும், கணக்கப்பிள்ளையின் குண்டூசியைப் போல.

எண் தீர்ந்துபோவதைப் பற்றியும் பேச நினைத்தேன். நிலையத்தார் கை காட்டுகிறார்கள். சாதாரண முழு எண் பத்தி 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647இல் நின்றுவிடும். பெரிய அட்டவணை என்றால் தொடக்கத்திலேயே, இன்னும் மிகப் பெரிய எண்வரை போகும் 64 பிட் பத்தி கேளுங்கள். அந்தப் பையன் மறுநாள் காலை அதே மேசையில் உட்கார்ந்தான். வணக்கம்.