நீளம் நிறையே

நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்ட பாளையங்கோட்டைப் பெரியவர்களே, வணக்கம்.

டோல்கீன் எழுதிய ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலுக்கு அதன் நீளம் நிறையா, குறையா? ஒரு பொல்லாத மோதிரத்தை எரிமலை நெருப்பில் எறிந்து அழிக்க பிரோடோ என்பவன் நடந்து போகிற கதை அது. குறைதான் என்று பேசிவிட்டுப் போனார் எதிரணி அண்ணாச்சி. அல்வாவையே நூறு கிராமுக்கு மேல் திங்க முடியாது, ஆயிரம் பக்கத்தை எப்படித் திங்கிறது என்றார். நல்ல கைதட்டல். நம்ம ஊரில் அல்வா என்று சொன்னால் எதற்கும் கைதட்டுவார்கள்.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இந்த நாவலை நானே இரண்டு தடவை பாதியில் மூடி வைத்தவன். செங்கோட்டை பாசஞ்சர் சேரன்மகாதேவியைத் தாண்டும்போது மோதிரத்தை என்ன செய்வது என்று பேச எல்ராண்டின் சபை கூடியது. தென்காசி வந்துவிட்டது, சபை கலையவில்லை. ஆளாளுக்கு ஒரு பழங்கதை. டாம் பாம்படில் என்று ஒருவர் வருவார். பாடுவார், ஆடுவார். மோதிரம் அவரை ஒன்றும் செய்யாது, அவரும் கதையை ஒன்றும் செய்ய மாட்டார். பாட்டு வந்தாலே நான் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். எங்கள் அணித் தலைவர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

மூன்று புத்தகமாக விற்றுக் காசு பார்த்தார்கள் என்றும் ஒரு குற்றச்சாட்டு. டோல்கீன் எழுதியது ஒரே நாவல். போருக்குப் பின் காகிதம் விலை ஏறிக் கிடந்ததால் பதிப்பகம் 1954, 1955இல் அதை மூன்றாகப் பிரித்துப் போட்டது. அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோதிரம் பிரோடோவின் கைக்கு வந்து 17 வருஷம் கழித்துத்தான் அவன் ஊரை விட்டுக் கிளம்புகிறான். அதைச் சொல்லி எதிரணி சிரித்தது. அந்த 17 வருஷமும் சில பக்கங்களில் ஓடிவிடுகிறதே அண்ணாச்சி! அவனும் தோழன் சாமும் உடன் வந்த கூட்டத்தைப் பிரிந்து எரிமலைக்கு நடப்பது சுமார் ஒரு மாதம். அதற்கு 13 அத்தியாயம். சுருக்கத் தெரிந்த ஆள்தான் இங்கே நீட்டியிருக்கிறார். தண்ணி இல்லை, வழி இல்லை, வாசிக்கிற நமக்கே கால் வலிக்கிறது. கடைசியில் எரிமலை வாயில் நின்றுகொண்டு மோதிரத்தை எறிய மாட்டேன், இது என்னுடையது என்கிறான். இருநூறு பக்கக் கதையில் இப்படிச் செய்திருந்தால் ‘எடே, இதுக்கா வந்தே?’ என்று ஏசியிருப்போம். கூடவே நடந்ததால் ஏச வாய் வரவில்லை.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதி முக்கில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரைப் பார்த்து, ஏன் தேரை மறிக்கிறீர் என்று யாராவது கேட்போமா? கட்டை இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலோ ஏறியிருக்கும். எனக்கு அலுத்துப்போன அந்தச் சபையில்தான், வழி தெரியாவிட்டாலும் நானே கொண்டுபோகிறேன் என்று பிரோடோ எழுந்திருக்கிறான். கதை திரும்புகிற முக்கு அது. பாம்படிலுக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மோதிரம் நெருப்பில் விழுந்தபின் இன்னும் ஆறு அத்தியாயம் இருக்கிறது. சினிமாக்காரர்கள் அதில் ஊர் திரும்பியவர்கள் ஊரை மீட்கும் கதையை வெட்டிவிட்டார்கள். வெட்டியது எது தெரியுமா? ஊருக்கு வந்தால் மரமெல்லாம் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. சாலையோரப் புளியமரங்கள் போனதைப் பார்த்த நமக்கு அது புரியாதா? ஊரை மீட்கிறார்கள். ஆனாலும் பிரோடோவால் அங்கே இருக்க முடியவில்லை, கப்பல் ஏறிவிடுகிறான். சாம் வீடு திரும்புகிறான்.

இந்தப் புத்தகத்தின் குறை நீளம் போதாததுதான் என்று டோல்கீனே முன்னுரையில் ஒத்துக்கொண்டிருக்கிறார். இதோ, நடுவர் அண்ணாச்சி மணியில் கைவைத்துவிட்டார். டோல்கீனுக்கு ஆறு அத்தியாயம், எனக்கு ஆறு நிமிஷம்தானா?