17 முறை ஓமஹா

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பயிற்சியாளரின் பெருமை கோப்பையிலா, வாழ்நாள் உழைப்பிலா என்பது தலைப்பு. உழைப்பில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தோழர் சற்று முன் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலுக்குப் போனார். "மைக் மார்ட்டின் 17 முறை ஓமஹாவுக்குப் போனார், ஒருமுறைகூடக் கோப்பையோடு திரும்பவில்லை. இவரா பெரிய பயிற்சியாளர்?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். அந்த மனிதரை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஓமஹா நகரில் ஆண்டுதோறும் நடப்பது கல்லூரி உலகத் தொடர், கல்லூரி பேஸ்பாலின் தேசியக் கோப்பைக்கான கடைசிக் கட்டம். கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவில் ஏறக்குறைய 300 கல்லூரிகள். ஓமஹாவுக்குள் நுழைவது 8 அணிகள். அங்கே இரண்டு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 1999 இறுதி ஆட்டத்தில் மயாமியிடம் மார்ட்டினின் ஃபுளோரிடா ஸ்டேட் அணி தோற்றது 6-5 கணக்கில். அந்த ஒரு ரன்னை வைத்தா 40 ஆண்டு உழைப்பை எடை போடுவது?

1980 முதல் 2019 வரை தலைமைப் பயிற்சியாளர். 2,029 வெற்றிகள். ஒரு பருவம்கூட 40 வெற்றிக்குக் கீழே இறங்கவில்லை. இன்னொரு கல்லூரிப் பயிற்சியாளர் ஆகி கரிடோ 5 கோப்பை வென்றவர், பெரியவர், மறுக்கவில்லை. அவருடைய 1,975 வெற்றிகளை 2018-இல் தாண்டியவர் இந்த மார்ட்டின்.

இதில் எது கடினம் தெரியுமா, நடுவர் அவர்களே? கல்லூரிப் பயிற்சியாளருக்கு வீரர்கள் தங்குவதில்லை. பஸ்டர் போசியைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்து தடுக்கிற ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிக்கொண்டிருந்த பையன். நம் விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சராக, 2007-இல், இரண்டாம் ஆண்டில் அவரை மாற்றினார்கள். முகக்கவசம், மார்புக் கவசம், கனத்த கையுறை, ஆட்டம் முழுக்க முழங்கால் மடக்கல். பழகிய இடத்தை விட்டு, எல்லாம் புதிதாய். மறு ஆண்டே நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது. உடனே சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணி அள்ளிக்கொண்டு போனது. அங்கே அவர் 2010, 2012, 2014 என தொழில்முறை பேஸ்பாலின் உலகத் தொடரை மூன்று முறை வென்றார். ஃபுளோரிடா ஸ்டேட் இருக்கிற டல்லஹாசியில் மார்ட்டினுக்கு மிஞ்சியது கேட்சர் இல்லாத அணி. மறுபடி 18 வயதுப் பிள்ளைகள், மறுபடி அரிச்சுவடி. இப்படி 40 முறை!

கடைசி ஆண்டைப் பாருங்கள். 2019-இல் தேசியப் போட்டிக்கு இடம் கிடைக்குமா என்பதே இழுபறி. கிடைத்தது. ஜார்ஜியாவை அதன் மண்ணில் வென்று, லூசியானா ஸ்டேட்டை அதன் மண்ணில் வென்று, ஓய்வு பெறப் போகிற கிழவரை அந்தப் பிள்ளைகள் 17-ஆவது முறையாக ஓமஹாவுக்குக் கூட்டிப்போனார்கள். ஆர்கன்சாவை 1-0 என வென்றார்கள். பிறகு இரண்டு தோல்வி. அவ்வளவுதான். அந்தப் பையன்கள் யாருக்காக ஆடினார்கள் என்று எதிரணி யோசிக்கட்டும்.

2024 பிப்ரவரியில், 79 வயதில் அவர் காலமானார். டல்லஹாசி மைதானத்துக்கு அவர் பெயர் வைத்தது அதற்குப் பிறகு அல்ல. 2005-லேயே, அவர் அங்கே நின்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோதே. கோப்பை வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, நடுவர் அவர்களே.