தள்ளாடும் நடை, தவறும் கோலம்: நோய் எதிர்ப்பாற்றலே காரணமாக இருக்குமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “46 வயதான என் அம்மாவுக்கு மூன்று வாரங்களாக நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, கோலத்தில் புள்ளிகளைச் சேர்க்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நன்றாக இருக்கிறதாம். உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இதற்குக் காரணமாகுமா?”

ஆகும், சகோதரி. சில நிமிடங்களுக்குள் வந்த தள்ளாட்டம் என்றால் பக்கவாதமாகவே எண்ணி உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ கூடிக்கொண்டே போவதில்தான், மாத்திரைகளின் பக்கவிளைவு போன்றவற்றை விலக்கிவிட்டு, ஆட்டோஇம்யூன் நோயை, அதாவது நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் நோயைத் தேடுகிறோம்.

நீங்கள் கோலத்தைக் கவனித்தது மிக முக்கியமானது. கையில் பலம் இருக்கிறது, கண்ணுக்குப் புள்ளி தெரிகிறது, ஆனாலும் விரல் புள்ளியைத் தாண்டிப் போய், நடுங்கியபடி திரும்பி வருகிறது. அசைவை அளந்து கொடுக்கும் சிறுமூளை பாதிக்கப்பட்டதன் அடையாளம் அது.

அம்மாவின் வயதில் நான் முதலில் கவலைப்படுவது ஒன்றைப் பற்றித்தான். சினைப்பையிலோ மார்பகத்திலோ வளரும் புற்றுக்கட்டி, சிறுமூளையின் புர்கின்ஜி என்ற நரம்புச் செல்களில் இருக்கும் புரதத்தையே தானும் உண்டாக்கும்போது, கட்டியை எதிர்த்துக் கிளம்பும் நோய் எதிர்ப்பு அமைப்பு அந்தச் செல்களையும் அழித்துவிடக்கூடும். ஆன்டி-யோ என்ற ஆன்டிபாடி (நோய் எதிர்ப்பு அமைப்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) இதைக் காட்டிக்கொடுக்கும். கட்டி வெளியே தெரிவதற்கு மாதக்கணக்கில் முன்பே தள்ளாட்டம் வந்துவிடலாம்; தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ.யும் இயல்பாகவே இருக்கலாம். ஆகவே அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

எல்லாமே இவ்வளவு கடுமையானவை அல்ல. சளிக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஓரிரு வாரங்களில் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் வந்தால், 1956இல் சார்லஸ் மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் மில்லர் ஃபிஷர் நோயாக இருக்கலாம். அதில் பெரும்பாலோர் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். கோதுமையிலுள்ள குளூட்டனுக்கு எதிரான எதிர்வினையும் சிலருக்குச் சிறுமூளையைத் தாக்குவது உண்டு.

அழிந்த புர்கின்ஜி செல்கள் மீண்டும் முளைப்பதில்லை என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ஆன்டிபாடிகளைச் செலுத்துவது), பிளாஸ்மா மாற்று (இரத்தத்திலிருந்து ஆன்டிபாடிகளை நீக்குவது) ஆகிய சிகிச்சைகள் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ, அவ்வளவு மிச்சப்படுத்த முடியும். கட்டி இருந்தால் அதையும் அகற்றியாக வேண்டும். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் ஆன்டிபாடி பரிசோதனை, மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே), அடிவயிற்று ஸ்கேன் ஆகியவை தேவையா என்று கேளுங்கள். அதுவரை குளியலறைக்கு அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால், நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.